அம்மா இருந்த அறையில் அப்பாவை இறக்கியது

அப்பா இட்லியைப் பிட்டபோது நின்றுபோனார். முகம் நீலமானது. நெற்றியில் வெள்ளை எழுத்தில் "சிக்கல் ஏற்பட்டுள்ளது, காத்திருக்கவும்" என்று வந்தது. எங்கள் குடியிருப்பில் இது புதிதல்ல.

முதலில் அடுப்பை அணைத்தேன். பிறகு அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். அது போட்டிருந்தால் ஆள் தானாக எழுந்துவிடுவார். எழுந்தால் நின்றதற்கான காரணம் அழிந்துவிடும். மாலை வகுப்பில் இதுதான் முதல் பாடம். கழற்றியது சரியான பொத்தான்தானா என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் கழற்றினேன்.

வகுப்பு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. நின்றுபோனவருக்குள் அந்தக் கணத்தில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே ஓர் அறைக்குள் இறக்கி வைக்க வேண்டும். அதற்கு டம்ப் எடுப்பது என்று பெயர். பிறகு அதைப் படித்துக் காரணம் சொல்வார்கள். ஆளைவிட அறை சற்றே பெரிதாக இருக்க வேண்டும். ஓர் அறையில் ஒருவர்தான். இரண்டாமவரை இறக்கினால் முதலாமவர் அழிந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் ஓர் அறைதான். அதில் அம்மா இருந்தாள்.

அம்மா போன வருடம் நின்றாள். டம்ப் எடுத்தேன். அவள் எழவில்லை. எழாதவர்களைப் படிக்க வார்டு அலுவலக ஆள்தான் வர வேண்டும்; அனுப்புவதாகச் சொன்னார்கள். யாரும் வரவில்லை. கதவைத் திறந்தால் பூரிக்கட்டை உருளும் சத்தம் கேட்கும். ரேஷன் கடை வரிசையில் யாரையோ அதட்டுவாள். அப்பா தினமும் கதவோரம் நாற்காலி போட்டுக் கேட்பார்.

வகுப்பு எடுக்கும் ஞானராஜ் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், அப்பா மறுபடி நின்னுட்டார்."

"போன தடவை டம்ப் எடுத்தியா?"

"இல்ல சார். ரூம்ல அம்மா."

"அதுக்கு முந்தி?"

"அப்பவும் அம்மாதான் சார்."

"இந்தத் தடவையும் காரணம் தெரியாம எழுப்பினா, அடுத்த தடவை நின்னா எழ மாட்டாரும்மா."

"சின்ன டம்ப் எடுக்கட்டா சார்? தீப்பெட்டியில அடங்கிடும்."

"இட்லி சாப்பிடறப்ப நின்னார்னு அதுல இருக்கும். அது உனக்கே தெரியுமே."

எதிர் வீட்டுக்குப் போகும் நடைவழி அன்று நீண்டிருந்தது. நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம் வந்தது. பேருந்துக்குக் காத்திருக்காமல் நடந்தேன்.

"நூர்ஜஹான் அக்கா, உங்க ரூம் காலியா?"

"எங்கடி காலி? உங்க மாமா இருக்காரே. அடுப்படி வரைக்கும் வழிஞ்சு கெடக்காரு."

"கொஞ்சம் ஒதுக்கிட்டு..."

"உசுரோட இருந்தப்பவே ஒதுங்காத மனுசன்டி அவரு." சிரித்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்கும் உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்."

திரும்பி வந்து அறையைத் திறந்தேன்.

"அம்மா, அப்பா நின்னுட்டார்."

டம்ப்புக்குப் பதில் சொல்லத் தெரியாது. "கொடியில துணி காயுது, எடுத்தியாடி?" என்றாள். எப்போதும் கேட்பதுதான்.

"எடுத்துட்டேம்மா."

ஒரு கையால் அப்பாவின் கையைப் பிடித்தேன். மறு கையைக் கதவில் வைத்தேன். அப்பாவின் நெற்றியில் எண்கள் ஏறத் தொடங்கின. பூரிக்கட்டை நின்றது. ரேஷன் கடை வரிசை கலைந்தது. "கொடியில" என்பது மட்டும் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. கையை எடுத்திருக்கலாம். பாதியில் எடுத்தால் இருவருமே கெட்டுப்போவார்கள் என்று படித்திருந்தேன். எடுக்கவில்லை.

நூறு வந்தது. பொத்தான்களைப் போட்டுவிட்டேன். அப்பா எழுந்து மீதி இட்லியைச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை ஞானராஜ் சார் வந்து அறைக்குள் நின்று படித்தார். வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"காரணம் கெடச்சிடுச்சும்மா. இல்லாத எடத்தைத் தேடிப் போயிருக்கார்."

"எந்த இடம் சார்?"

"அவர் சாப்பிடற தட்டுக்கு எதிர்ல."

அங்கே அம்மா உட்காருவாள்.

"சரி பண்ண முடியுமா சார்?"

"சுலபம். அவங்க எழவே இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிடு. ஒரு தடவை சொன்னாப் போதும், இனிமே நிக்க மாட்டார்."

அவருக்குத் தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சார் போன பிறகு அப்பா கதவோரம் நாற்காலியைப் போட்டார். கதவைத் திறந்து காதைச் சாய்த்தார். உள்ளே அவரே இருமிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கேட்டார். முகம் கவலையானது.

"உங்கம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்கு. எப்படி இருமுறா பாரு."

எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். கசாயம் போடுவதற்காக டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். வாக்கியம் சரியாகத்தான் இருந்தது.

"அப்பா."

"என்னம்மா?"

"மிளகு மேல் அலமாரியில இருக்கு."