நாற்பத்தோராம் பக்கம்

பரீட்சைக்கு அறுபத்திரண்டு நாள் இருந்தபோது பெரிய மருமகள் பாடப்புத்தகத்தைத் திறந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் எழுத்தே இல்லை. மணிக்கட்டின் படம் இருந்தது. படத்திலிருந்து எட்டுக் கோடுகள் கிளம்பி வெறுமனே நின்றன, அவற்றின் நுனியில் இருக்க வேண்டிய எலும்புப் பெயர்களைத்தான் காணோம். அவள் ஆச்சரியப்படவில்லை, கோபப்பட்டாள். அந்த வீட்டில் மனசில் பதிந்தது காகிதத்தில் தங்காது என்பது கல்யாணமாகி வந்த முதல் மாதமே அவளுக்குத் தெரியும். மாமனார் முப்பத்தோரு வருஷம் தபால்காரராக இருந்தவர். கூடத்துச் சுவரில் அவர் மாட்டியிருந்த ஊர் வரைபடத்தில் ஒரு தெருப் பெயர்கூடக் கிடையாது, எல்லாம் அவர் மண்டைக்குள் போய்விட்டது. மறந்தால் எழுத்து தன்னால் திரும்பி வரும். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஆற்றோரத் தெருக்கள் இரண்டு மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தன. ஆகவே பக்கம் வெள்ளையாக இருந்தால் யாரோ அதைப் படித்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ, பின்கட்டு அறையில் இருக்கும் சின்ன மருமகளைத் தவிர வேறு யார்?

அண்ணன் தம்பி இருவரும் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலை அந்த வருஷம்தான் மூடியது. மருத்துவமனையில் செவிலியர் உதவியாளர் வேலைக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்று தெரிந்ததும் மருமகள்கள் இருவரும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டார்கள். கடையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு புத்தகம். மாமனார் அதை வாங்கி வந்து, இருவருக்கும் பொதுவாகக் கூடத்து அலமாரியில் வைத்தார். பெரியவள் ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தோற்றவள். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொண்டு பதினோரு மாதம் ஆகியிருந்தது. துணிக்கொடியில் பெரியவளின் காய்ந்த துணிகள் மேல் சின்னவள் ஈரப் போர்வையைப் போட்டதில் ஆரம்பித்த சண்டை. தெரியாமல் பட்டுவிட்டது என்று அவள் சாதித்தாள், இவள் நம்பவில்லை. அன்றிலிருந்து உப்பு தீர்ந்தால்கூட, எதிரெதிரே நின்றுகொண்டு மாமனார் மூலமாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். ஓய்வு வாங்கியும் தபால் பை தன்னை விடவில்லை என்று அவர் தெருவெல்லாம் புலம்பினார். பெரியவள் இப்போதும் அவரைத்தான் அனுப்பினாள், பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி. படித்ததைக் கக்க முடியாது, வேண்டுமென்றால் நேரில் கேட்டால் சொல்லுகிறேன் என்று பதில் வந்தது. நேரிலா, செத்தாலும் கேட்க மாட்டேன் என்று பெரியவள் சொன்னாள். அதை மட்டும் அவர் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

கரைத்துக் குடிப்பது என்பார்களே, சின்னவள் அதை நிஜமாகவே செய்தாள். இரண்டு தடவை வேகமாகப் படித்தால் போதும், வரிகள் ஈரம் உலர்வதுபோல் மறைந்துவிடும். ஒரு வாரத்தில் எலும்பு, தசை, ரத்த ஓட்டம் மூன்றும் காலி. பெரியவளோ கூடத்தில் நடந்துகொண்டே ஒரு பாராவை இருபது தடவை வாய்விட்டுப் படிப்பாள், சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போடுவாள், அடிக்கோடு போட்ட இடம் வர்ணம் அடித்த வேலி மாதிரி ஜொலிக்கும். எழுத்து மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையாது. வாய் படித்துக்கொண்டிருக்கும்போது மனசு அடுப்பில் என்ன வைத்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் எப்படி அசையும்?

ஆனால் அந்த வாரம் கழித்து மூன்றாம் நாள் ஒரு விஷயம் நடந்தது. காலையில் நாற்பத்தோராம் பக்கத்தில் இரண்டு பெயர்கள் திரும்பி வந்திருந்தன: பட்டாணி எலும்பு, கொக்கி எலும்பு. மறுநாள் ரத்த ஓட்டத்தில் பாதி வந்தது. பின்கட்டிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவசரமாகக் குடித்ததெல்லாம் அவசரமாக வெளியேறிக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்து அந்த இரண்டு பெயர்களை மட்டும் படித்தாள். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, மூடியபடியே சொல்லிப் பார்த்தாள். தடுமாறித் தடுமாறி இரண்டும் வந்தன. திறந்தபோது அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவள் வாழ்க்கையில் வெறுமையாக்கிய முதல் இரண்டு வரி.

அன்று சாயங்காலம் குழாயடியில் சின்னவள் முகம் வீங்கி நின்றாள். பெரியவள் துணியைப் பிழிந்துகொண்டே, சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"மணிக்கட்டுல எத்தனை எலும்பு?"

சின்னவள் குடத்தை வைத்துவிட்டு அவளும் சுவரைப் பார்த்தே, "எட்டு," என்றாள். பெயர்கள் கேட்டபோது ஆறு சொன்னாள். மீதி இரண்டைப் பெரியவள் சொன்னாள். அந்த ஆறும் பெரியவளுக்குப் புதிது, இந்த இரண்டும் சின்னவளுக்குப் போனது. ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு இருவரும் தோற்கப் பார்த்தோமே என்று பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு இருவரும் பேசினார்கள் என்று சொல்ல முடியாது, கேள்வி கேட்டுக்கொண்டார்கள். கேள்வியைத் தவிர வேறு எதற்கும் வாய் திறப்பதில்லை, உப்புக்கு இன்னமும் மாமனார்தான். போகப் போகச் சில விஷயம் பிடிபட்டது. புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் கேள்வி கேட்க வேண்டும். உடனே சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது, திணற விட வேண்டும், திணறி வந்த வரி சீக்கிரம் பக்கத்துக்குத் திரும்புவதில்லை. இன்றைக்குப் படித்ததை மூன்றாம் நாள் கேட்கணும், பத்தாம் நாள் கேட்கணும், மாசம் கழித்துக் கேட்கணும். எல்லாவற்றுக்கும் கதவுக்குப் பின்னால் சாக்கட்டியால் நாள் குறித்த கணக்கு இருந்தது. சின்னவள் படித்து வெள்ளையாக்கிய பாடத்தைப் பெரியவளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லச் சொல்ல அது அவளுக்கே கெட்டிப்பட்டது. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி, பின்பக்கம் பதிலை எழுதி, துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். பின்பக்கம் வெள்ளையானால் சீட்டை எடுத்துவிடுவார்கள். இதென்ன வீடா வாக்குச்சாவடியா என்று மாமனார் கேட்டார்.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கொடியடியில், தீக்காயத்துக்கும் நாடித்துடிப்புக்கும் நடுவில் பெரியவள் குரலை மாற்றாமல் கேட்டாள்: "போன வருஷம் என் காய்ஞ்ச துணி மேல ஈரப் போர்வையைப் போட்டது யாரு?"

சின்னவள் கொஞ்ச நேரம் திணறினாள். பெரியவள் சட்டப்படி திணற விட்டாள்.

"நான்தான். தெரிஞ்சேதான் போட்டேன்க்கா."

"சரி. அடுத்தது."

பரீட்சை அன்று புத்தகத்தில் அட்டையும் படங்களும் சிவப்பு அடிக்கோடுகளும்தான் இருந்தன. பெரியவளுக்கு ஹாலில் ஒரு கேள்விக்குப் பதில் வரவே இல்லை. கண்ணை மூடினாள், அந்தச் சீட்டு துண்டுக்கும் தலையணை உறைக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது, திருப்பிப் படித்து எழுதினாள். இருவரும் தேறினார்கள், பெரியவள் நான்கு மார்க் வித்தியாசத்தில். முப்பது வருஷம் ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தார்கள். மாமனார் இறந்த வாரத்தில் வரைபடத்துத் தெருக்கள் எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தன, அப்போது இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். பிறகு பிள்ளைகள், கல்யாணங்கள், பென்ஷன். பெரியவளின் கணவர் காலமானார். சின்னவள் தன் கணவரோடு, மகள் இருக்கும் ஊருக்குப் போனாள். புத்தகம் பெரியவளிடம் தங்கியது.

வேலையை விட்டபின் வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பெரியவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வயசானால் முடி நரைக்கிறது, புத்தகம் கறுக்கிறது. நாற்பத்தோராம் பக்கம் மட்டும் வெகுநாள் வெள்ளையாகவே இருந்தது; அதைத் தடவிப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கும், அந்தக் குழாயடி ஈரம் கையில் படுவதுபோல் இருக்கும். ஒருநாள் காலை அதில் ஆறு பெயர்கள் இருந்தன. மேலே, எட்டு என்கிற எண்ணும் இருந்தது. தன் மறதி தனக்குத் தெரியும், ஆனால் தான் மறந்ததையெல்லாம் சின்னவள் அங்கே வைத்திருப்பாள் என்றே இத்தனை நாள் நம்பியிருந்தாள். சின்னவளின் மகளுக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை பெரியம்மா, அப்பாவையே யார் என்று கேட்கிறாள் என்று மகள் அழுதாள். பெரியவள் போனை அம்மா காதில் வைக்கச் சொன்னாள்.

மணிக்கட்டில் எத்தனை எலும்பு என்று கேட்டாள். யாரு, யாரு என்று ஒரு பயந்த குரல் மட்டும் வந்தது. கண் எதிரே பக்கத்தில் பதில் அச்சடித்துக் கிடந்தது, பெரியவள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேறு கேள்வி கேட்டாள்.

"என் காய்ஞ்ச துணி மேல ஈரப் போர்வையைப் போட்டது யாரு?"

பெரியவள் திணற விட்டாள்.

"நான்தான்," என்றாள் சின்னவள். "தெரிஞ்சேதான் போட்டேன்."

"சரி. அடுத்தது. மணிக்கட்டுல எத்தனை எலும்பு?"

"எட்டுக்கா."

பக்கத்தில் இருந்த எண் மெல்ல உலர்ந்து போனது. பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயர்களை மூன்றாம் நாள் கேட்பதாக மகளிடம் சொல்லிவிட்டு, சாக்கட்டி எடுக்க எழுந்தாள்.