அண்ணன் வாங்கிவந்த ஈயப் பொடி

போன மாதம்வரை அண்ணனுக்கு ஜல்லி வியாபாரம். மலைச்சரிவில் பழுப்பாக ஒரு கல் கண்ணில் பட்டதும் சேர்மன் ஆகிவிட்டார். சேர்மனுக்கு ஒரு கோட்டு, ஒரு சுழல் நாற்காலி, தன் முகத்தையே அச்சடித்த நூறு டீ கப்புகள். கல்லில் தங்கம் இருக்கிறதா என்பது மட்டும்தான் பாக்கி. அதைச் சொல்லத்தான் தங்கை இருந்தாளே. கல்லை உருக்கித் தங்கம் அளப்பதுதான் அவள் தொழில்.

அவள் முதலில் தன்னுடைய இளக்கியைக் கலந்து உருக்கினாள். வெங்காரமும் சோடாவும் ஈயப் பொடியும் சேர்ந்த கலவை அது. சூட்டில் கல் இளகிவிடும். ஈயம் அடியில் இறங்கும்போது இருக்கிற தங்கத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு இறங்கும். ஈயம் இறங்கியது, தனியாக.

“உன் பொடி சரியில்லம்மா,” என்றார் சேர்மன். உலைப் பக்கமே வந்தறியாதவர்.

மறுநாள் பாதி விலைக்கு ஒரு டிரம் ஈயப் பொடி வந்து இறங்கியது. அதைக் கலந்து உருக்கினால், ஊசிமுனையளவு தங்கமணி. கணக்குப் போட்டால் ஒரு டன் கல்லுக்கு ஆறு கிராம். சேர்மன் உடனே சித்தப்பாவை வரவழைத்து வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். இருக்கிற ஒரே வீட்டை விற்று மலையில் பங்கு வாங்கப்போகிறார் சித்தப்பா. சோதனை அறிக்கையில் தங்கை கையெழுத்துப் போட்டால் போதும்.

தங்கை பேனாவைத் தொடவில்லை. அவள் ஒரு டீ கப்பை எடுத்து, சேர்மனின் சிரித்த முகத்தோடு உரலில் போட்டு மாவாக இடித்தாள். அந்தக் கப்புக்குத் தங்க ஓரமெல்லாம் கிடையாது. அண்ணன் அதற்கெல்லாம் செலவு செய்கிற ஆள் இல்லை. கல்லுக்குப் பதில் கப்பு; அதே பொடி, அதே உலை. அதே ஆறு கிராம்.

“அண்ணா, தங்கம் கல்லுல இல்ல. நீ வாங்கின பொடியில இருக்கு. நகைக் கழிவு உருக்கின ஈயத்த எவனோ பொடியாக்கி உன் தலையில கட்டிட்டான்.”

சேர்மன் கண்ணை மூடி யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்ப எந்தக் கல்லப் போட்டாலும் ஆறு வரும்?”

“கழுதை விட்டையப் போட்டாலும் வரும்.”

“அப்படின்னா பக்கத்து மலையையும் சேர்த்துக்கலாமே.”

அவள் கையிலிருந்த இடுக்கியை மேஜையில் வீசினாள். மீதிக் கப்புகள் கிடுகிடுத்தன. கதவைத் திறந்தாள்.

“கையெழுத்து ஆச்சாம்மா?” என்று எழுந்தார் சித்தப்பா.

“ஆகல. ஆகவும் ஆகாது. மலையில ஒண்ணுமே இல்ல சித்தப்பா. அவரு டீ கப்பை உருக்கினேன், அதுலயும் அதே தங்கம் வருது. எல்லாம் பொடியோட வேல. வீட்ட வித்துடாதீங்க.”

“அவளுக்கு என்மேல பொறாமை, சித்தப்பா,” என்று உள்ளேயிருந்து சேர்மன் குரல் கொடுத்தார்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

“பொறாமைப்பட உன்கிட்ட என்னடா இருக்கு?” என்று கேட்டுவிட்டு, செருப்பைத் தேடினார்.