பாய்த்துணி நாற்காலி

எழுபத்து நாலாம் வருஷம் தேசப்பனின் வலது முழங்கால் போயிற்று. கரையேறிக்கொண்டிருந்த கட்டுமரத்தை ஓர் அலை தூக்கி அவன் மேலேயே போட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு எலும்பை ஒட்டவைத்தார்கள். கால் மட்டும் மடங்கவில்லை. இனி அது அப்படித்தான், கட்டுமரம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் அவன் மனைவி ரத்னாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

திருவிடந்தைக் குப்பத்தில் உட்காருவதென்றால் தரைதான். நீட்டிய காலோடு தரையில் இறங்கினால் அவனால் எழ முடியாது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தால் நடுவில் பள்ளம் விழுந்து இடுப்பு நோகும். அதனால் நின்றபடி சாப்பிட்டான், மற்ற நேரமெல்லாம் படுத்தே கிடந்தான். ரத்னா மீன்கூடையோடு கிளம்பும்போது எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தானோ, திரும்பும்போதும் அந்தப் பக்கமே பார்த்துப் படுத்திருந்தான்.

கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவுக்கு அவள் வாடிக்கையாக மீன் கொடுப்பாள். அந்த வீட்டு சகுந்தலா அம்மா ஊரை விட்டுப் போவதற்காகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். பின்புறம் சவுக்கு மரத்தடியில் பழைய சோபா நாற்காலி ஒன்று கிடந்தது. ரெக்சின் கிழிந்து, துருப்பிடித்த ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இத்த நான் எடுத்துகினு போவட்டா, அம்மா?"

"எடுத்துக்கோயேன். ஆனா அதுல உக்கார முடியாதே, ரத்னா."

"ஒக்கார வச்சிடலாம்."

நாற்காலியைத் தலையில் கவிழ்த்து, கூடையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

தேசப்பன் படுத்தபடி பார்த்தான். "இன்னாது இது, எலி வூடா?"

"உனுக்குத்தான். ஒசரமா ஒக்காந்துக்கலாம்."

"ஊரே மண்ணுல ஒக்காந்துகீது. நான் மட்டும் கலெக்டரு மாரி ஒக்காரணுமா? எனுக்கு வாணாம்."

மீன் அரியும் கத்தியின் முனையால் ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினாள். உள்ளே மட்கிக் கிடந்த பஞ்சைக் கொட்டிவிட்டு, ஸ்பிரிங்குகளைக் கழற்றி எறிந்தாள். தேக்குச் சட்டம் மட்டும் நன்றாக இருந்தது. அதன் குறுக்கே பழைய கயிற்றைக் கட்டி, தேங்காய் நாரை அடித்து உலர்த்தி அடைத்து, மேலே சாக்குத் துணியை வைத்துத் தைத்தாள். நாலு நாள் சாயங்காலம் அதற்கே போயிற்று.

அவள் மனம் நோகக்கூடாதென்று அவன் அதில் உட்கார்ந்தான். நாற்காலி ஒரு பக்கமாக அமுங்கியது. அவன் மெல்ல மெல்லச் சரிந்து கைப்பிடியில் முட்டிக்கொண்டான்.

"அல வருதா?" என்றாள் ரத்னா.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கவுத்த எப்டி கட்டுன நீ?"

"கட்டில் மாரிதான்."

"அதான் தொங்குது. அவுத்துடு. நான் கட்டுறேன்."

நாற்காலியைக் கட்டில்மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னான். சுவரில் சாய்ந்து நின்றபடி, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினான். குத்திப் பார்த்தால் கை திரும்பி வந்தது. நாரை அவள் மறுபடி அடைத்தாள். கட்டி தட்டிய இடத்தையெல்லாம் அவன் விரலால் தடவிக் காட்டினான்.

மேலே போர்த்தத் துணி வேண்டும். சாக்கு உடம்பை அறுக்கும். செங்கல்பட்டுக் கடையில் ரெக்சினுக்கு விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினாள் ரத்னா. பழைய புடவையை எடுத்து வந்தபோது தேசப்பன் வேண்டாமென்று தலையாட்டினான்.

"ஒரு மாசம் தாங்காது. மேல கட்டிகீற பாய எறக்கு."

கூரைக் கழியில் சுருட்டிக் கட்டியிருந்தது கட்டுமரத்துப் பாய். காற்றைப் பிடிக்கத் தைத்த கெட்டித் துணி.

"அது எதுக்கு? நீ மறுபடி கடலுக்குப் போவும்போது வோணும்."

"டாக்டரு உன்கிட்ட இன்னா சொன்னாருன்னு எனுக்குத் தெரியும், ரத்னா. பஸ்ல வரும்போதே உன் மூஞ்சியப் பாத்து தெரிஞ்சிகினேன்."

அவள் பாயை இறக்கினாள். கத்தியை மட்டும் எடுக்கவில்லை. அவனே எடுத்தான். ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, அவன் நிதானமாக, கோணாமல் அறுத்தான். அவள் கண்ணீர் துணியில் விழுந்தது. அவன் அதைக் கண்டுகொள்ளாதவன்போல் அறுத்துக்கொண்டே போனான்.

"இப்ப இழு. இன்னும் இழு. சுருக்கம் இருந்தா ஒக்கார்ற எடத்துல உறுத்தும்."

அவள் இழுத்துப் பிடிக்க, அவன் ஆணி அடித்தான். மூலைகளை மடித்து அடித்தபோது இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டன.

மறுநாள் காலை, பங்காளி மாயவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கரையில் போட்டான். தேசப்பன் காலை நீட்டி அதில் உட்கார்ந்து, கிழிந்த வலை ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "கலெக்டரு வந்துகீறாரு" என்று கேலி செய்தவர்களே சாயங்காலம் தங்கள் வலைகளைக் கொண்டுவந்து அவனிடம் போட்டார்கள். சோம்பலில்லாத கை அது. மாசம் திரும்புவதற்குள் குப்பத்து வலைகளில் பாதி அவனிடம்தான் வந்தன. கூலியாகச் சமையலுக்கு மீன் வீட்டுக்கே வந்தது.

ஒரு நாள் மத்தியானம் மீன் விற்றுவிட்டு வந்த ரத்னா, வெயிலில் நடந்த களைப்பில் சற்றே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கரையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்படியே தூங்கிப்போனாள். தேசப்பன் கோலை ஊன்றிக்கொண்டு, வெயில் அவள் முகத்தில் படாதபடி பக்கத்தில் நின்றான்.

வலை கேட்டு வந்த மாயவன், "அண்ணாத்த, எம் வல ஆச்சா?" என்றான்.

"மெல்லப் பேசு" என்றான் தேசப்பன். "தூங்கிகினுகீது."