வாசற்கல்லில் கிடைத்தவர்

விளக்குக் கடைக்காரர் மூங்கில் குச்சியைத் தரையில் தட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டார்.

“வெள்ளையா, கலராம்மா?”

முன்னோர்கள் வீடு திரும்பும் ஆகஸ்ட் நாட்களில் எங்கள் ஹிரோஷிமாவில் கல்லறைக்குக் காகித விளக்கு வைப்போம். இறந்த முதல் வருஷத்துக்கு மட்டும் வெள்ளை. அதன் பிறகு எப்போதும் வண்ணம்தான். அப்பாவுக்காக இத்தனை வருஷமும் அம்மா சிவப்பும் பச்சையும் ஒட்டிய விளக்கைத்தான் யோசிக்காமல் எடுப்பாள். இந்தத் தடவை இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

“ரெண்டும் குடுங்க” என்றாள் கடைசியில்.

“அடடா, வீட்ல யாராவது தவறிட்டாங்களா?”

“ஆமா. இப்பதான் தெரிஞ்சுது.”

போன வாரம் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். அமைதிப் பூங்காவில் இருக்கும் பெரிய மண்மேட்டுக்கு அடியில் குண்டில் இறந்தவர்களின் கேட்பாரற்ற அஸ்தி ஏராளம். அதில் சிலருடையது மட்டும் பெயர் எழுதிய கலசங்களில் இருக்கிறது. ஒன்றில் கஜிதானி ரியோசாகு என்று எழுதியிருக்கிறது. அது என் அப்பாவின் பெயர். நினோஷிமா தீவுக்குப் படகில் கொண்டுபோன காயம்பட்டவர்களில் ஒருவர். தன் பெயரைத் தானே சொல்லியிருக்கிறார். பதினோராம் தேதி இறந்திருக்கிறார்.

அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் போன பிறகு அந்தக் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

குண்டு விழுந்தது ஆறாம் தேதி. ஒன்பதாம் தேதி நானும் அம்மாவும் எங்கள் வீடு இருந்த இடத்தில் அப்பாவின் எலும்புகளை எடுத்துவிட்டோம். அவர் தினமும் காலையில் உட்கார்ந்து வேலைக்குக் கிளம்பக் காலில் துணிப்பட்டி சுற்றும் வாசற்கல்லின் மேல் ஒரு மனிதர் எரிந்து எலும்பாகச் சுருண்டு கிடந்தார். எங்கள் வீட்டு வாசற்கல்லில் வேறு யார் இருக்க முடியும்? எலும்பை இரண்டு பேர் சேர்ந்து குச்சியால் தூக்குவதுதான் எங்கள் வழக்கம். அன்று குச்சிகூட இல்லை. கருகிய வேலி மூங்கிலை அம்மா ஒடித்துக் கொடுத்தாள். எனக்கு ஆறு வயது, மூங்கில் நழுவிக்கொண்டே இருந்தது. “இறுக்கிப் பிடிடி, அப்பா விழுந்துடுவார்” என்றாள்.

அத்தோடு தேடுவதை நிறுத்திவிட்டோம்.

விளக்கு வாங்கிய அன்று சாயங்காலம் தோராகிச்சி சித்தப்பா மதுப்புட்டியோடு வந்தார். அப்பாவின் தம்பி. மூலையில் இருந்த வெள்ளை விளக்கைப் பார்த்ததும், “என்ன அண்ணி, எனக்கா? நான் இன்னும் சாகலையே” என்றார்.

“உன் ஈரல் கேட்டுச்சு, வாங்கி வச்சேன்” என்றாள் அம்மா.

சித்தப்பா சிரித்தார். ஒரு கோப்பை குடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“நம்ம கல்லறையில இருக்கற அந்த ஆளை என்ன பண்றதா உத்தேசம்?”

“அதான் யோசிக்கறேன்.”

“யோசிக்க என்ன இருக்கு? குடும்பக் கல்லறை அண்ணி. யாரோ வழிப்போக்கன். அவனாலதானே நீங்க அண்ணனைத் தேடாம விட்டீங்க. ரெண்டு நாள் அங்கே உயிரோட…”

“போதும் தம்பி.”

“இல்ல, எனக்கு வயிறெரியுது.”

“அவர் என்ன பண்ணுவார் பாவம்? ஓடிட்டு வந்திருப்பார். எங்க வாசல் தெரிஞ்சிருக்கும், உக்காந்திருப்பார்.”

சித்தப்பா கோப்பையை உருட்டிக்கொண்டிருந்தார். போர் முடியும்போது அவர் கியூஷுவில் சிப்பாய். வெடியைக் கட்டிக்கொண்டு எதிரியின் டாங்கிக்கு அடியில் பாய்வதற்கு மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

“எங்க பட்டறையில சொல்றாங்க அண்ணி. அந்தக் குண்டு விழலைன்னா சண்டை முடிஞ்சிருக்காது, நீ இன்னிக்கு இருந்திருக்க மாட்டேன்னு. நானும் சில நாள் ஆமான்னுதான் சொல்றேன். சொல்லிட்டு சோறு இறங்க மாட்டேங்குது.”

அம்மா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“நீ இருக்கறது எனக்குச் சந்தோஷம். ஆனா உனக்குப் பதிலா இவர்னு யார் கணக்குப் போட்டாலும், என் வீட்ல வந்து போட வேண்டாம். யாரைச் சாகடிக்கறோம்னு பார்த்தா போட்டாங்க? வாசல்ல கிடந்தவர் யாருன்னு எனக்கே இன்னிவரைக்கும் தெரியல.”

சித்தப்பா தலைகுனிந்தார். “ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கட்டும்னா நான் கோயில் குருகிட்ட பேசறேன்” என்றார் மெதுவாக.

“எனக்கும் அதான் ஆசை. எனக்கும் ஒருநாள் அங்கேதானே இடம். நான் கும்பிட்டு வந்தவரை விட்டுட்டு எப்படி…” அம்மா மூலையிலிருந்த வெள்ளை விளக்கைப் பார்த்தாள். “ஆனா வேற ஒருத்தி புருஷனை இத்தனை வருஷம் பூட்டி வச்சிருக்கேனே. அவ கைக்கு ஒரு துண்டு எலும்புகூடக் கிடைச்சிருக்காது. கிடைக்காதவங்க எல்லாம் அந்த மேட்டுக்குத்தான் வந்து கும்பிடறாங்க. அவர் அங்கே இருக்கணும்.”

மறுநாள் காலை கோயில் குரு சூத்திரம் ஓத, சித்தப்பாவும் நானும் கல்லறைக் கல்லை நகர்த்தினோம். உள்ளே அந்த மனிதரின் கலசம் ஈரமாக, குளிர்ந்திருந்தது. அம்மா அதைத் தன் கையாலேயே துடைத்து வெள்ளைத் துணியில் கட்டினாள். டிராமில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரோ எழுந்து எங்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

மண்மேட்டுக்கு அருகே, வீட்டுக்கு வந்த அதே நகராட்சிக்காரர் காத்திருந்தார். அப்பாவின் கலசத்தை இரு கைகளாலும் நீட்டினார். கஜிதானி ரியோசாகு. மை மங்கியிருந்தது. அம்மா குனிந்து வணங்கி வாங்கினாள். முகம் அசையவில்லை. அதிகம் பழகாத விருந்தாளி ஒருவரை வரவேற்பதுபோல இருந்தது. பிறகு அதை என்னிடம் கொடுத்தாள். என் அப்பா எனக்குக் கனமே இல்லாமல் இருந்தார்.

அடுத்து மற்றவரைக் கொடுக்க வேண்டும். அதிகாரி கைகளை நீட்டியபடி நின்றார். அம்மா துணி முடிச்சைச் சரிசெய்தாள். மறுபடியும் சரிசெய்தாள். இருபத்து மூன்று வருஷம் எல்லாவற்றையும் இவரிடம்தான் சொல்லியிருக்கிறாள். என் கல்யாணம், கூரை ஒழுகியது, தன் மூட்டு வலி எல்லாம். திடீரென்று கலசத்தின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். நகராட்சிக்காரர் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அழாதவள், வாய்விட்டு அழுதாள்.

“அண்ணி” என்றார் சித்தப்பா. தொடப் போய், தொடாமல் நின்றார்.

நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். கலசம் கைமாறியது.

“கொஞ்சம் ஓரமா வைங்க” என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “தேடிட்டு வரவங்க கண்ணுல படற மாதிரி.”

உள்ளே பெயரில்லாத சாம்பலெல்லாம் ஒரே குவியல் என்று அன்று வீட்டு வாசலில் அந்த அதிகாரியே சொல்லியிருந்தார்.

“சரிங்கம்மா. ஓரமாவே வைக்கறேன்” என்றார்.