போன பிறவியில் விட்ட கயிறு

மின்விசிறிக் காற்றுக்கு ஆசைப்பட்டுத்தான் கயிற்றுக்காரர் அந்தக் கூடத்துக்குள் போனார். அவரும் அவர் மனைவியின் தம்பி குருவியும் ஓர் ஏழு மாடிக் கட்டிடத்தின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கீழ்த்தளத்துக் கூடத்தில் ஓர் அம்மா ஆட்களை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, முற்பிறவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வேளையில் எட்டிப் பார்த்தவரை, "வாங்கய்யா, சும்மா உக்காருங்க" என்று கூப்பிட்டார். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று நினைத்தார். வந்தது வேறு.

ஒரு கிணறு. அவர் கையில் கயிறு, மறுமுனையில் ஓர் ஆள். கயிறு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உள்ளங்கை தீயாய் எரிகிறது. விட்டுவிடுகிறார்.

கண்ணைத் திறந்தபோது சட்டை தொப்பலாய் நனைந்திருந்தது. "விழுந்தவர் முகம் தெரிஞ்சுதா?" என்று அந்த அம்மா கேட்டார். தெரியவில்லை. ஆனால் இந்தப் பிறவியில் அவர் கயிற்றில் தொங்குகிறவன் ஒரே ஒருவன்தானே.

அன்றிலிருந்து மூன்று நாளாய் இருப்புக் கொள்ளவில்லை. மொட்டை மாடித் தூணில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, வால் முனையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாய் விடுவது அவர் வேலை. அந்தப் பக்கம் பலகையில் உட்கார்ந்து, சுவரில் வர்ணம் பூசிக்கொண்டே குருவி இறங்குவான். பதினொரு வருடமாய்ச் சோறு போட்ட வேலை அது; கடைசி நாலு வருடமாய்ப் பலகையில் குருவி. இப்போது மூன்று சுற்றை ஐந்தாக்கினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார், நாலடி நடந்தார், திரும்பி வந்து மறுபடி இழுத்தார்.

"என்ன மாமா, மாட்டையா கட்டுறீங்க?" என்றான் குருவி.

வீட்டில் மனைவியும் விடவில்லை. "தூக்கத்துல என்னத்தப் பிடிச்சு இழுக்குறீங்க? போர்வை மொத்தமும் உங்க பக்கம் கெடக்கு."

நாலாம் நாள் பொறுக்கமுடியாமல் குருவியிடமே சொல்லிவிட்டார். அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"கெணத்துக்குள்ள எனக்கு என்ன மாமா வேல? அங்கயும் பெயிண்டா?"

சிரித்த வாயோடு பலகையில் ஒரு காலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"சும்மா கெடந்த சங்க ஊதிட்டீங்களே. கால் வரமாட்டேங்குது."

"நான் என்னடா பண்ண?"

"வீட்டுல நெறமாசக்காரி இருக்கா மாமா." கீழே பார்த்தான். "இன்னிக்கு நீங்க எறங்குங்க. நான் பிடிக்கிறேன்."

முழங்கால் போனதிலிருந்து அவர் பலகையில் உட்கார்ந்ததில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், உன் கையை நான் நம்பவில்லை என்றாகிவிடும். நாலு வருடமாய் அவன் இவர் கையை நம்பித் தொங்கியிருக்கிறான். வர்ண வாளியை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கயிறு ஒவ்வொரு முறை வெட்டி இழுத்தபோதும் பலகையின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். ஆறாம் மாடியில் நிமிர்ந்து பார்த்தார். வால் முனையை இழுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்கே வந்து, குருவி தலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"தூணுகிட்ட நில்லுடா."

"அங்க நின்னா நீங்க தெரியல மாமா."

தூரிகை அப்படியே நின்றுவிட்டது. பதினொரு வருடமும் அவர் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். கயிற்றைப் பார்த்திருக்கிறார், சுற்றைப் பார்த்திருக்கிறார். தொங்குகிறவனை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. கிணற்றில் முகம் தெரியாமல் போனது இருட்டால் இல்லை. அப்போதும் அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மனசு விழிப்பது இதுதான் என்றால், அது ஒன்றும் சுகமான காரியமாய் இல்லை. ஈரச் சுவரில் கை வைத்து, சாய்ந்து மூச்சு வாங்கினார்.

தரையைத் தொட்டு, ஏழு மாடியும் படியேறி வந்தபோது குருவி தன் உள்ளங்கைகளைச் சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டும் சிவந்திருந்தன.

"விட்டுடுவேனோ விட்டுடுவேனோன்னு அதே நெனப்பு மாமா. நானும் முன்னால எவனையோ விட்டிருப்பேன் போல."

"அதுக்குப் பிறவியெல்லாம் தாண்ட வேண்டாம்டா. பிடிச்சவனுக்கு அந்தப் பயம் இருக்கும்தானே."

"உங்களுக்கு இவ்ளோ நாளும் இருந்துச்சா?"

"இல்ல."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு மோசமானது என்று அவருக்கே உறைத்தது. குருவி அவரை ஒரு நிமிடம் பார்த்தான். வாளியை வாங்கி நிரப்பிக்கொண்டு, பலகையை மேலே இழுத்து, சுவரின் அடுத்த பட்டைக்குத் தானே நகர்த்தினான்.

"கட்டுங்க. மூணு சுத்து போதும்."

மூன்றுதான் சுற்றினார். வால் முனையைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவர்வரை நடந்து, குனிந்து பார்த்தார். குருவியின் உச்சந்தலையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. இது எப்போதிலிருந்து?

"என்ன எட்டி எட்டிப் பாக்குறீங்க? நீங்க விழுந்து தொலைக்காதீங்க."

"வாய மூடிட்டு அடிடா மாப்ளே."

பயம் அப்படியேதான் இருந்தது. இருக்கட்டும் என்று கயிற்றை ஒரு சாண் விட்டார்.