பின்பக்கம் பீரங்கி இல்லாத கப்பல்

சண்டைக்குத் தயாராக மேல்தளத்துக் கித்தான் பந்தலைச் சுருட்டச் சொல்லி உத்தரவு வந்தபோது கூல்வென் தன் மச்சினனோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தான். ஜூலை வெயிலில் பந்தல் இல்லாத இரும்புத் தளத்தில் கால் வைக்க முடியாது. ஆனாலும் மாலுமிகள் மறுபேச்சில்லாமல் கயிறுகளை அவிழ்த்தார்கள். போர் முடிந்துவிட்டது, பிரான்ஸ் தோற்றுவிட்டது, இன்னும் சில நாளில் பாதிப் பேர் ஊருக்குப் போகலாம் என்று நேற்று வரை பேச்சு. இப்போது மெர்ஸ்-எல்-கெபிர் துறைமுகத்துக்கு வெளியே, நீலக் கடலின் விளிம்பில், ஆங்கிலேயர்களின் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. போன மாதம் வரை கூட நின்று சண்டை போட்டவர்கள்.

மச்சினன் துத்வால், பக்கத்தில் நின்ற பழைய போர்க்கப்பலில் பீரங்கிக்காரன். ஏதாவது சாக்குச் சொல்லிக் காலைப் படகில் இங்கே வந்துவிடுவான். புதுக் கப்பலின் காப்பி நன்றாக இருக்கும் என்பான். உண்மையில் அவன் வருவது கேலி பேசத்தான்.

"ஏன் மச்சான், உன் கப்பலை வரைஞ்சவன் மாட்டைப் பார்த்து வரைஞ்சானா? கொம்பெல்லாம் முன்னாலயே இருக்கு. எவனாவது வந்து வாலைப் பிடிச்சா என்ன பண்ணுவ?"

"இது துரத்துற கப்பல்டா. துரத்துறவனுக்கு முதுகுல எதுக்குக் கண்ணு? உன் கிழவி மாதிரி நாலு பக்கமும் குச்சியை நீட்டிக்கிட்டு மூச்சு வாங்கச் சொல்றியா?"

எட்டுப் பெரிய பீரங்கிகளையும் முன்பக்கம் இரண்டே மேடைகளில் அடுக்கிவிட்டால் கவசத்தின் எடை மிச்சமாகும், மிச்சமான எடைக்கு வேகம் கூடும் என்பது கட்டியவர்களின் கணக்கு. கூல்வெனுக்கு அந்தக் கணக்கில் பெருமை உண்டு. வேகம் அவனுடைய கொதிகலன்களிலிருந்து வருவது. ஆனால் இன்று அந்த எட்டுக் குழாய்களும் எதிரே இருந்த மொட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கப்பலின் பின்பக்கத்தை அலைதடுப்புச் சுவரோடு கட்டிப்போட்டிருந்தார்கள். ஆங்கிலேயன் நின்றது சுவருக்கு அந்தப் பக்கம். கூல்வென் அதைப் பார்த்தான். துத்வாலும் பார்த்தான். அதற்குமேல் இருவருக்கும் கேலி வரவில்லை.

எல்லோரும் அவரவர் கப்பலுக்குத் திரும்பும்படி ஊதல் ஒலித்தது.

"நீ இங்கயே இரு," என்றான் கூல்வென். "எதுவும் நடக்காது. நடந்தா இது ஓடும். உன்னுது ஓடாது. யாராவது கேட்டா நான் பேசிக்கிறேன்."

துத்வால் கோப்பையைக் கவிழ்த்துவைத்தான். "என் பீரங்கிக்கு யாரு இருப்பா? அக்கா கேட்டா என்ன சொல்லுவ, உன் தம்பியைக் கொதிகலனுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சேன்னா? சிரிப்பா. அவ சிரிச்சா தாங்க முடியாது மச்சான், உனக்கே தெரியும்."

ஏணியில் இறங்கிப் படகில் குதித்தான். கை அசைக்கவில்லை. தினமும் வருகிறவன் எதற்குக் கை அசைக்க வேண்டும்?

மதியம் கூல்வென் கீழே இருந்தான். புகை தெரியாமல் கொதிகலன்களை மூட்டச் சொன்னார்கள். அவனும் ரியூ என்ற உதவியாளனும் மற்றவர்களும் ஒவ்வொரு எரிப்பானாகப் பற்றவைத்தார்கள். கீழே இருப்பவனுக்கு உலகம் என்பது மூன்றே விஷயம்: அழுத்தமானியின் முள், இரும்பின் அதிர்வு, சுவரில் பேசுகுழாயின் வாய். குழாயின் மறுமுனையில், மேலே, ஒனோரா இருந்தான். மார்செய்க்காரன், வாயாடி. ஆங்கிலேயர்களின் தூதர் படகில் வந்திருப்பதாகச் சொன்னான். போரில் வென்றவன் கையில் இந்தக் கப்பல்கள் சிக்கிவிடக் கூடாதாம்; எங்களோடு சேருங்கள், இல்லை தூரதேசத்துக்குப் போங்கள், இல்லை கப்பலை நீங்களே மூழ்கடியுங்கள், எதுவும் முடியாதென்றால் நாங்கள் மூழ்கடிப்போம் என்று கேட்கிறார்களாம். பிறகு, விமானங்கள் துறைமுக வாயிலில் கண்ணிவெடி போட்டதைச் சொன்னான். பிறகு பேச்சு இன்னும் நடக்கிறது என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வியர்வை ரியூவின் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் உட்காரவில்லை. நண்பனாக இருந்தவன் சுடுவானா மாட்டானா என்று காத்திருப்பதைவிட, எதிரி சுடுவதே மேல் என்று தோன்றியது கூல்வெனுக்கு.

மாலை வெயில் சாய்கிற நேரம் குழாயில் ஒனோராவின் குரல் மாறியிருந்தது. "சுடறானுங்க."

கப்பல் குலுங்கியது. அடி விழுந்ததால் இல்லை; கட்டியிருந்த சங்கிலிகளை உதறியதால். முழு நீராவி கேட்டார்கள். கூல்வென் எரிப்பான்களை முழுக்கத் திறந்தான். இரைச்சலில் ரியூவின் வாய் அசைவதுதான் தெரிந்தது, சொல் கேட்கவில்லை. கப்பல் சுவரை விட்டு நகர்ந்த சற்று நேரத்தில், விட்டுவந்த இடத்தில் குண்டுகள் விழுந்து தண்ணீர் கப்பலின் பக்கத்தை அறைந்தது.

அப்போதுதான் அது வந்தது. காதுக்கு வரவில்லை. தண்ணீர் வழியாக, அடித்தட்டு வழியாக, உள்ளங்காலுக்கு வந்தது. ஏதோ மிகப் பெரியது உள்ளிருந்து வெடித்த அதிர்வு. ரியூ அவனைப் பார்த்தான். எல்லோருக்கும் தெரியும் கூல்வெனின் மச்சினன் எந்தக் கப்பலில் இருக்கிறான் என்று.

கூல்வென் குழாயில் வாய் வைத்தான். "ஒனோரா. பழைய கப்பல்?"

பதில் அவசரமாக வந்தது.

"நிக்குதுப்பா. புகையா இருக்கு, ஆனா நிக்குது. நீ உன் வேலையைப் பாரு."

"சரி," என்றான் கூல்வென்.

கண்ணிவெடிகளுக்கு நடுவில் கப்பல் எப்படியோ புகுந்து வெளியே வந்தது. துரத்துவதற்காகக் கட்டிய கப்பல் முதுகைக் காட்டி ஓடியது. பின்னால் திருப்பிச் சுட ஒரு பெரிய பீரங்கிகூட இல்லை, இருந்ததெல்லாம் வேகம். அந்த வேகம் கூல்வெனின் கையில் இருந்தது. ஆனால் ஒரு குண்டுச் சிதறல் புகைபோக்கியைக் கிழித்திருக்க வேண்டும். புகை மேலே போகாமல் உள்ளே இறங்கியது. ஒருவன் இருமிக்கொண்டே முட்டி போட்டான், பிறகு எழவில்லை. இன்னொருவனை ரியூ ஏணி வரை இழுத்துப்போனான்.

"எரிப்பானைக் குறைச்சிருவோம்," என்று ரியூ அவன் காதில் கத்தினான். "செத்துருவோம்."

குறைத்தால் பின்னால் வருகிறவர்கள் எட்டிப்பிடிப்பார்கள். மேலே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குறைக்காவிட்டால் இங்கே இருக்கிறவர்கள். கூல்வென் தண்ணீரில் நனைத்த துணியை வாயில் கட்டிக்கொண்டான்.

"நீ மேல போ. மத்தவங்களையும் ஏத்திரு. நான் பாத்துக்கிறேன்."

ரியூ போனான். திரும்பி வந்தான். இரண்டு பேருமாக நின்றார்கள். கண்ணில் நீர் வழிந்ததால் முள் தெரியவில்லை. கூல்வென் அழுத்தமானியின் கண்ணாடியில் விரலை வைத்து, அதிர்வைத் தடவிப் பார்த்து அழுத்தம் குறையவில்லை என்று நம்பினான். கொஞ்ச நேரம் அவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. கையை எடுக்கக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை.

மாற்று ஆட்கள் முகமூடியோடு இறங்கி அவர்களைத் தூக்கிக்கொண்டுபோய் மேல்தளத்தில் கிடத்தியபோது சூரியன் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வெறும் தண்ணீர். இப்போது எவரும் துரத்தவில்லை. கூல்வென் வாந்தி எடுத்தான், பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒனோரா வந்து எதிரே குந்தினான்.

"கவுந்திருச்சுப்பா," என்றான். "நீ கேட்டப்பவே. ஆளுங்க அடிப்பக்கத்து மேல ஓடினாங்க. அப்புறம் அதுவும் இல்ல. நீ கையை எடுத்துருவியோன்னு பயந்துட்டேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலுலயே தெரிஞ்சுச்சு. நீ பொய் சொல்லுவன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்."

ஒனோரா தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"நீந்தி வந்திருக்கலாம். சிலர் நீந்தினாங்க, நானே பார்த்தேன்."

"அவனுக்கு நீச்சல் தெரியாது," என்றான் கூல்வென். "எங்க ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. கடல்லயே கிடக்கிறோம், யாரும் கத்துக்கிறதில்ல."

மறுநாள் மாலை பிரான்ஸின் தூலோன் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, அங்கே நின்ற கப்பல்களிலெல்லாம் மாலுமிகள் விளிம்பில் வரிசையாக நின்று ஆரவாரம் செய்தார்கள். எங்கோ வாத்தியம் இசைத்தது. பின்தளத்தில் புகையில் இறந்தவர்களைக் கொடி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ரியூ அவர்கள் பக்கத்தில் நின்றான். கரையிலிருந்து சிறு படகுகள் வந்து கப்பலைச் சுற்றிக்கொண்டன. ஒன்றில் வெயிலுக்குத் தலையில் துணி கட்டிய ஒரு பெண் கூடை நிறைய ஆப்ரிகாட் பழம் வைத்திருந்தாள். பழுத்து வெடித்த பழங்கள். கூடையைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள்.

"எடுங்க தம்பி, எடுங்க," என்று கீழிருந்து கத்தினாள். "தப்பிச்சு வந்துட்டீங்களே, அதுவே போதும்."

கூடை கை மாறிக் கை மாறி கூல்வெனிடம் வந்தது. நகக்கண் வரை எண்ணெய்க் கறுப்பு ஏறிய விரல்களால் அவன் பழம் எடுத்தான். கூடையை அடுத்தவனிடம் நகர்த்திய பிறகுதான் பார்த்தான், தினமும் காப்பிக்கு இரண்டு கோப்பை எடுத்த கை இரண்டு பழம் எடுத்திருந்தது. கூடை அதற்குள் தூரம் போயிருந்தது. அவன் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றான். வெயிலில் கிடந்து வந்தவை. உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தன.