நானூற்றுப் பதினேழாம் டேப்

காலை பத்தரைக்கு அந்த எண் வந்தது. 417. ஆறு வருடத்துக்கு முந்தைய தலை ஸ்கேன் ஒன்று அந்த டேப்பில் இருக்கிறது, நான்கு மணிக்குள் வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து கோரிக்கை. எங்கள் அலமாரிகளில் இரண்டாயிரம் டேப்புகள் இருக்கின்றன. கேட்பதற்கு இவர்களுக்கு வேறு எண்ணே கிடைக்கவில்லையா?

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் பழைய ஸ்கேன்கள் எல்லாம் காந்த டேப்பில் ஏறி எங்களிடம் வந்துவிடும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, கார்ட்ரிட்ஜ் என்போம்; உள்ளே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நாடா சுற்றியிருக்கும். நாடாவின் நுனியில் ஒரு சின்ன உலோகப் பின். டேப்பை ஓட்டும் இயந்திரமான டிரைவ் அதைப் பிடித்துத்தான் நாடாவை வெளியே இழுக்கும். கார்ட்ரிட்ஜ் கீழே விழுந்தால் பின் இடம் மாறலாம். தெரியாமல் டிரைவில் செருகினால் நாடாவும் கிழியும், டிரைவும் கெடும். அதனால் விழுந்ததற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கீழே போட்டவர் பெயரை எழுதி, மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

417-ஐ நான் கீழே போட்டது நான்கு வருடத்துக்கு முன்னால். அந்த வாரத்தில் அது மூன்றாவது. ஏற்கெனவே எனக்கு 'வழுக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். சுற்றும் முற்றும் பார்த்தேன், யாரும் இல்லை, எடுத்துத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டேப்பையும் டிரைவில் ஓட்டிப் பார்த்து, 'சரி' என்று பதிய வேண்டும். 417 இருந்த வரிசை என் பொறுப்பு. 417-ஐ ஓட்டாமலே மூன்று வருடமும் 'சரி' போட்டேன். ஒவ்வொரு டேப்புக்கும் இன்னொரு பிரதி வைத்திருந்தோம். போன வருடம் புது டேப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. மூன்று 'சரி' வாங்கிய டேப்புகளுக்கு இரண்டாவது பிரதி எதற்கு, அந்தப் பிரதிகளை அழித்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று மேலாளர் முடிவெடுத்தார். 417-இன் பிரதியும் அழிந்தது. பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு நோயாளியின் மகளே நேரில் வந்துவிட்டாள்.

"அம்மா பஸ் ஸ்டாண்டுல மைக்ல அறிவிப்பு சொல்றவங்க. தலையில, பேச்சு வர்ற இடத்துக்குப் பக்கத்துல ஒரு புள்ளி தெரியுதாம். ஆறு வருஷம் முன்னாடியும் இதே அளவு இருந்திருந்தா விட்டுடலாம்னு டாக்டர் சொல்றார். வளந்திருந்தா நாளைக்கே ஆபரேஷன். பண்ணினா பேச்சு போனாலும் போயிடுமாம்."

"உக்காருங்க, எடுத்துத் தரேன்" என்றேன்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அலமாரி வரை போனேன். திரும்பி வந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி போனேன்.

"என்ன, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?" என்று கேட்டார் என் சக ஊழியர். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பதால் எங்களுக்கு அவர் 'அப்புறம்'.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு மனிதரிடம் சொல்கிறேன். அவர் யோசிக்கவே இல்லை.

"போட்டுப் பாரு. ஓடினா ஓடுது. சிக்கினா டிரைவ் பழசு, அதான் சிக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

பொய் சொல்லக்கூடாது, அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு டிரைவ் வரை போய்விட்டேன். தள்ளுவதற்கு முன்னால் கார்ட்ரிட்ஜின் சின்னக் கதவைத் திறந்து பார்த்தேன். பின் ஆடும் பல் மாதிரி சாய்ந்திருந்தது. இதை உள்ளே தள்ளினால் யாரோ ஒரு அம்மாவின் குரலையும் சேர்த்துத் தள்ளுகிறேன். மேலாளர் அறைக்கு நடந்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரையில் மூன்று 'சரி'களையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே புதுப் பின்கள், கத்தரி, இடுக்கி.

"பின் மாத்துற பெட்டி. எட்டு வருஷமா இங்கதான் இருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா இருபது நிமிஷ வேலைம்மா."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கையுறை போட்டுக்கொண்டு, கசங்கிய நுனியை வெட்டி எறிந்து, புதுப் பின்னை மாட்டினார்.

"ஒரே தடவதான் ஓட்ட முடியும். முழுசா நகலெடுத்துடணும். நடுவுல சிக்கினா அவ்வளவுதான்."

ஒரு மணிக்கு ஓட விட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் ஒரு சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். இந்தப் பக்கம் நான் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை திரையில் நகல் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் எண் ஏறாமல் அப்படியே நின்றது. பிறகு தானாகவே ஏறியது. மூன்றேகாலுக்கு அந்த ஸ்கேன் முழுதாக வந்தது. உடனே அனுப்பினோம். நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மகளின் போன் அடித்தது.

அதே அளவு. ஆபரேஷன் வேண்டாம்.

அவள் உள்ளே ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"இதக் கீழ போட்டதே நான்தான். ஓட்டிப் பாக்காமலே மூணு வருஷம் சரின்னு எழுதினதும் நான்தான்."

அவள் என் கைகளை விட்டுவிட்டாள். கோபப்படவில்லை, எதையோ யோசித்தாள்.

"எங்க அப்பாவோட ஸ்கேனும் இங்கதான் இருக்கு. இது ஒண்ணுதான் இப்படியா?"

மேலாளர் தலையை நிமிர்த்தினார். 'அப்புறம்' ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு 'சரி'க்கு இரண்டு மணி நேரம் டிரைவ் ஓட வேண்டும். ஓட்டாமல் எழுத ஒரு நொடி போதும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது 417தான். அதற்குப் பிறகு வேலை தலைக்கு மேல் குவிந்த நாட்கள் எத்தனையோ வந்து போயின.

"இது மட்டும் இல்ல" என்றேன்.

"எத்தன?" என்றார் மேலாளர்.

"எழுதி வைக்கல சார்."